44 பேரில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

ஒரகடத்தில் கண்டிப்பான லைன் சூப்பர்வைசருக்கு நம் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயர் 'ஹிட்லர்'. பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் அதே பெயர்தான். பாதி திட்டு, பாதி மெச்சல். அந்த மனிதரின் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்துவிடுகிறோம்.

ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் வதை முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட நாள். 2005இல் ஐ.நா. சபை அதை நினைவு நாளாக அறிவித்தது. அந்த நாள் வருவதையொட்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாங்கள் நடத்தும் ஞாயிறு மாலை வகுப்பில் இந்த வாரம் செல்போனையே பாடப் புத்தகமாக்கினோம். கல்லூரி மாணவர்களும் ஷிப்ட் முடிந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுமாகப் பதினைந்து பேர்.

முதலில் 1935ஆம் ஆண்டின் நியூரம்பர்க் சட்டங்கள். யூதரும் ஜெர்மானியரும் திருமணம் செய்யக் கூடாது. அடுத்தடுத்து, பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது, பொது நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது, பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வரக் கூடாது. இதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் எதற்காகத் தண்ணீர் அள்ளிக் குடித்தார் என்று தெரிந்த பிள்ளைகள்.

"காசாவில் இஸ்ரேல் இவ்வளவு பண்ணும்போது இதை நாம ஏன் படிக்கணும்?" என்றார் ஒரு மாணவர். நியாயமான கேள்வி. 1942இல் கொல்லப்பட்ட குழந்தை இன்றைய அரசின் செயலுக்குப் பொறுப்பாகாது. அந்தக் குழந்தையைக் காட்டி இன்னொரு குழந்தையைக் கொல்வதை எந்த அரசும் நியாயப்படுத்தவும் முடியாது. எங்கள் பதில் அவ்வளவுதான்.

ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்தின் இணையதளத்தில் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். அவற்றில் ஏராளமானவை உறவினரோ தெரிந்தவரோ நிரப்பிக் கொடுத்த படிவங்கள். பெயர், தாய் தந்தை, பிறந்த ஊர், செய்த தொழில், எங்கே எப்படி இறந்தார், இருந்தால் ஒரு புகைப்படம், கீழே எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாட்சியத்தை வீடியோவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. தொழில் 'தையல்காரர்' என்றிருந்த ஒரு படிவத்தை ஒரு மாணவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் தையல்காரர்.

அப்போதுதான் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "வெண்மணிக்கு இப்படி இருக்காண்ணா?"

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அளவிலும் முறையிலும் யூதர் படுகொலையும் இதுவும் ஒன்றல்ல; ஒன்றென்று சொல்வது இரண்டுக்கும் அவமரியாதை. ஆனால் தம்பி கேட்டது வேறு. எண் நமக்கு மனப்பாடம். குடிசைக்காரர் பெயரும் தெரியும். மற்றவர்கள்? பெயர்கள் நினைவிடத்தில் இருக்கின்றன. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் பிழைத்தவர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம், அவர் யாருடைய மகள், எந்த வயலில் நடவு நட்டார் என்று எழுதிய பக்கம், நாங்கள் தேடியதில் கிடைக்கவில்லை.

கீழ்க் கோர்ட் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற வகையில் போனது தீர்ப்பு. கார் செய்யும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது ஒருவரும் பேசவில்லை.

வெண்மணி தொலைவு என்பவர்களுக்கு: 1994 அக்டோபர் 10, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது நம் பக்கத்துச் செங்கல்பட்டில். அன்று கூட்டத்தில் நின்ற இருபது வயதுக்காரர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. வெண்மணி நடந்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல்.

செலவு ஒன்றுமில்லை. போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் சொல்லவையுங்கள். வெளியிடலாமா என்று முதலிலேயே கேளுங்கள். வேண்டாமென்றால் பூட்டி வையுங்கள். பேச்சை வெட்டாதீர்கள், பின்னணி இசை சேர்க்காதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். யாரோ அனுப்பிய படத்தை, எங்கே எப்போது எடுத்ததென்று தெரியாமல், இதனுடன் ஒட்டாதீர்கள். ஒரு பொய்ப் படம் போதும், மொத்தத்தையும் பொய்யென்று சொல்ல ஆள் காத்திருக்கிறது.

அந்தத் தம்பி பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். வெண்மணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய பாட்டி இருக்கிறார். கேள்விகளை வகுப்பே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. முதல் கேள்வி, தீ வைத்த இரவைப் பற்றியது அல்ல. 'அவங்கள்ல உனக்குப் பழக்கமானவங்க யாரு ஆயா, வீட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?'