முதல் பரிசு இல்லாத நீச்சல் வேண்டும்!



நம் விளையாட்டு விழாவில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. நீச்சல் மட்டும் இல்லை. நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஊர் குளம் இருந்தும், என் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்! ஆகவே ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ஒரு குளத்தை நீந்திக் கடப்போம். அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம்.

“பரிசு இல்லேன்னா யாருலே வருவா?” என்று நண்பன் ஒருவன் சிரித்தான். வருவார்கள்! சுவிட்சர்லாந்தில் சூரிச் ஏரியை கோடைக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நீந்திக் கடக்கிறார்கள். தூரம் ஒன்றரை கிலோமீட்டர். யார் முந்தினார் என்ற கணக்கே கிடையாது. அவ்வளவு தூரம் ஏன்? 1892 டிசம்பரில் விவேகானந்தர் நம் கன்னியாகுமரிக் கடலில் நீந்திப் பாறைக்குப் போனதாகச் சொல்வார்கள். எத்தனை நிமிஷத்தில் போனார் என்று யாராவது கேட்டதுண்டா? ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல், 12 வயதில், இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். பக்கத்தில் போட்டியாளர் யாரும் இல்லை. துணைக்குப் படகுதான் போனது.

போன பங்குனியில் எங்கள் ஊர்க் குளத்தில் மாமாவோடு நாங்கள் எட்டுப் பேர் அக்கரைக்கு நீந்தினோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். தெரிந்த அண்ணன் ஒருவர் வள்ளத்தில் காற்றடைத்த லாரி டியூபோடு கூடவே வந்தார். இறங்கும் முன் மாமா சொன்னது ஒன்றுதான்: “மக்கா, முன்னால போறவனைப் பாக்காண்டாம். பக்கத்துல வாறவனைப் பாத்துக்கோ.”

நடுக்குளத்தில் என் ஜோடிக்கு மூச்சு வாங்கியது. இருவரும் டியூபைப் பிடித்து இளைப்பாறிவிட்டுத்தான் போனோம். போட்டி என்றால் நான் நின்றிருப்பேனா? சந்தேகம்தான்! கடைசி ஆள் கரையேறி, “எட்டு” என்று எண்ணி முடித்த பிறகே மாமா கடலை மிட்டாயைப் பிரித்தார்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஓட்டத்தில் பின்தங்கினால் பரிசுதான் போகும். தண்ணீரில் பின்தங்கினால் உயிரே போகலாம். 2021-ல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

“குளத்துப் பக்கம் போகாதே” என்று வீட்டில் சொல்வது பயத்தினால். ஆனால் தடுத்தால் சிலர் ஒளிந்து போகிறார்கள். ஒளிந்து போகிறவனுக்குக் கூப்பிட ஆள் இருக்காது! அதைவிட, பெரியவர்கள் முன்னால் முறையாகக் கற்பது நல்லதல்லவா?

முறை என்றால் இவைதான். கும்பப்பூ அறுவடை முடிந்து தண்ணீர் குறைந்திருக்கும்போது நீந்த வேண்டும். மறுகால் பாயும்போது இறங்கவே கூடாது. மடைப் பக்கம் போகக் கூடாது, தண்ணீர் உள்ளே இழுக்கும். தாமரைக்கொடி காலைச் சுற்றும், அங்கேயும் வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் படித்துறையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் பழக வேண்டும். சாக்கடை கலக்காத குளமாகவும் பார்க்க வேண்டும்.

மாணவியரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆசிரியை துணையோடு தனி நேரம் ஒதுக்கலாம். மூழ்கடிக்கும் தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லையே!

உடற்கல்வி ஆசிரியர் அவர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். நண்பர்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சம்மதம் என்றால் கீழே விட்டிருக்கும் இடத்தில் பெயர் எழுதுங்கள். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் எழுதுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்