ஞானப்பல் எடுத்தவருக்கு நாம் சொன்ன சட்டம்

சென்ற ஆண்டு ஒரு நாள், மஃரிப் பாங்குக்குச் சற்று முன், பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் நமது மாணவர் ஒருவர் தயங்கி நின்றார். வயது 19. கீழ்த்தாடையின் ஞானப்பல்லை அன்று காலையில்தான் மருத்துவர் எடுத்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. "ஹஜ்ரத், இன்று வாய் கொப்பளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உளூவில் என்ன செய்வது?" என்று கேட்டார். நாம் கிதாபைப் புரட்டவில்லை. மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்றும் கேட்கவில்லை. "சிறிய காயத்திற்காக சுன்னத்தை விடலாமா, தம்பி? நன்றாகக் கொப்பளியுங்கள்" என்று கூறிவிட்டு ஸஃப்பை நோக்கி நடந்தோம்.

மூன்றாம் நாள் இரவு அவர் உறங்கவில்லை. வலி காதுவரை பரவியிருந்தது. மறுநாள் காலையில் நாமே அவரை அழைத்துச் சென்றோம். பல் இருந்த குழியை மூடியிருக்க வேண்டிய இரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று மருத்துவர் சொன்னார். "கொப்பளித்தீர்களா?" என்று கேட்டார். மாணவர் தரையைப் பார்த்தார், நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாம்தான் சொன்னவர் என்று ஒப்புக்கொண்டோம். கொப்பளிக்காதவருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். ஆயினும், அறியாமல் பதில் சொன்ன குற்றம் நம்மீது இருக்கவே செய்கிறது.

ஞானப்பல்லை அரபு மொழியில் 'ளிர்ஸுல் அக்ல்', அதாவது அறிவின் பல் என்பார்கள். பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதிற்குள் முளைப்பதால் இப்பெயர். தாடையில் இடமில்லாதபோது அது சாய்ந்தோ, ஈறுக்குள் பாதி புதைந்தோ நின்றுவிடும். அவ்விடுக்கில் உணவு தேங்கிச் சீழ் பிடிக்கும். பக்கத்துப் பல்லும் சொத்தையாகும். அப்போது எடுத்துவிடுவதே தீர்வு. தொல்லை தராத பல்லை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. நோயற்ற ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது.

பல்லை எடுத்தபின் குழியில் உறையும் இரத்தமே அக்காயத்திற்குக் கட்டு. முதல் 24 மணிநேரம் வேகமாகக் கொப்பளித்தாலும், பலமாகத் துப்பினாலும், குழல் வைத்து உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடக்கூடும். புகைப்பிடித்தல் இன்னும் கேடு. அதன் பின்னர் மருத்துவர் சொல்லும் முறையில் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாக வாயைச் சுத்தம் செய்யலாம்.

இங்கே மார்க்கம் நம்மை நெருக்கடியில் விட்டதா? இல்லை. உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபீ மத்ஹபிலும் சுன்னத்தே, பர்ளு அல்ல. காயத்தின் காரணமாக அதை விட்டவரின் உளூ நிறைவேறிவிடும். நோன்பாளி வாயிலும் மூக்கிலும் நீரை மிகைப்படுத்திச் செலுத்த வேண்டாம் என்று நமக்குக் கற்றுத் தந்த மார்க்கம், காயம்பட்டவரிடம் கடுமை காட்டச் சொல்லுமா? கடமையான குளிப்பில் மட்டும் ஹனஃபீகளுக்கு வாய் கொப்பளிப்பது பர்ளு. அந்நிலை ஏற்பட்டால், தண்ணீர் காயத்திற்குத் தீங்கு தருமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து, அதைக்கொண்டு ஆலிமிடம் சட்டம் கேட்க வேண்டும்.

இரத்தக் கசிவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் வாயிலிருந்து இரத்தம் வருவதால் உளூ முறியாது. ஹனஃபீ மத்ஹபில் எச்சிலை விட இரத்தம் மிகுந்தாலோ, இரண்டும் சமமாக இருந்தாலோ முறியும்; எச்சில் மிகுந்து இரத்தம் குறைவாக இருந்தால் முறியாது. ரமளானில் இரத்தத்தை அறிந்தே விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே, அவசரமில்லாத சிகிச்சையை இஃப்தாருக்குப் பின்னோ, பெருநாளுக்குப் பின்னோ வைத்துக்கொள்வது நலம்.

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் உள்ள செய்தி நம் நினைவில் வந்து நின்றது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாகிறது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையாகிறது. தமக்கு தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்களே என்று வருந்திக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்றார்கள். இந்த ஹதீஸை நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஹவுளின் ஓரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

கண்டிப்பாகப் பேசுவது எளிது; அது பேணுதல் போலத் தோன்றும். ஆனால் அதற்கான வலியைச் சுமப்பவர் வேறொருவர். சலுகையும் சட்டத்தைத் தந்த அதே ரப்பிடமிருந்து வந்ததே. உடல் நம்மிடம் உள்ள அமானிதம். வீட்டில் பிள்ளைகளுக்கு இதுபோன்ற நிலை வரும்போது, வாப்பாவும் உம்மாவும் முதலில் மருத்துவரின் சொல்லை முழுமையாகக் கேளுங்கள். பின்னர் அதை அப்படியே ஆலிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆலிம்களான நாமும் விடை சொல்லுமுன் ஒரு கேள்வியாவது கேட்போம்.

அம்மாணவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு கிதாபைத் திறந்தார். அல்லாஹ் அவருக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குக் கேட்டறியும் பணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.