நெஞ்சில் மாட்டிய பேட்ஜ் காப்பாற்றுமா?

செல்லூரை விட்டுக் கோரிப்பாளையம் பக்கம் போனால் பெரியாஸ்பத்திரி, அதைச் சுற்றி ஸ்கேன் சென்டர்கள். எக்ஸ்-ரே எடுப்பவரின் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் தொங்கும். ஏதோ அடையாள அட்டை என்றுதான் பலர் நினைப்பார்கள். அதன் பெயர் டி.எல்.டி. பேட்ஜ். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு உலைத் தொழிலாளி மாட்டியிருப்பதும் இதே வகைதான்.

உள்ளே ஒரு அலுமினியத் தகட்டில் மூன்று வில்லைகள் இருக்கும். மேலே பட்ட கதிர்வீச்சின் ஆற்றலை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளியாக விடும். அந்த ஒளியை அளந்தால் உடம்பில் பட்டது எவ்வளவு என்று தெரியும். ஆஸ்பத்திரி பேட்ஜ்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அளக்கிறார்கள். பட்ட பிறகு கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை இது. முன்கூட்டியே கத்தி எச்சரிக்காது!

கல்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 2003 ஜனவரியில் அங்குள்ள மறுசுழற்சி ஆலையில் கழிவு மாதிரி எடுக்கச் சிலர் ஓர் அறைக்குள் போனார்கள். குறைந்த வீரியமுள்ள கழிவு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஒரு வால்வு பழுதாகி, அதிக வீரியக் கழிவு அதில் கலந்திருந்தது. அறையில் கதிர்வீச்சு மானிட்டர் இல்லை. மாதிரியை ஆய்வு செய்தபோதுதான் விஷயமே தெரிந்தது. ஆறு பேருக்கு அனுமதித்த அளவைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சு! இந்தியாவில் ஒரு தொழிலாளிக்கு ஓர் ஆண்டில் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100. பின்னால் தொழிலாளர்கள் மீதும் குறை சொல்லப்பட்டது. சுவரில் கருவி வைக்காதது அவர்கள் குற்றமா?

கணக்குப்பிள்ளையையும் ஏமாற்றலாம். பேட்ஜ்களோடு 'கன்ட்ரோல்' என்று ஒன்று வரும். இயற்கையாகவே மண்ணிலும் வானத்திலுமிருந்து வரும் கதிர்வீச்சைக் கழிப்பதற்காக அதைக் கதிர்வீச்சு இல்லாத இடத்தில் தனியே வைக்க வேண்டும். எக்ஸ்-ரே அறை மேசையிலேயே அதைப் போட்டுவிட்டால்? அதில் ஏறுவதும் சேர்ந்து கழிக்கப்பட்டு, வேலை செய்தவரின் கணக்கு குறைந்துவிடும். ஜப்பானில் இன்னும் மோசம். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அங்கே வேலை எடுத்த ஒரு துணை ஒப்பந்தக்காரர், அளவு குறைவாகக் காட்ட வேண்டும் என்று கருவியை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது 2012-ல் வெளியே வந்தது. வரம்பைத் தொட்டால் வேலை போய்விடுமே!

முதலில் அறைக்கு மானிட்டர், அப்புறம்தான் ஆளுக்கு பேட்ஜ். ரிசல்ட் ஆபீஸ் ஃபைலில் தூங்காமல் தொழிலாளி கைக்கு வர வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். அடுத்த தடவை எக்ஸ்-ரேவுக்குப் போனால், போன மூன்று மாதத்துக்கு பேட்ஜில் எவ்வளவு வந்தது என்று அந்த டெக்னீஷியனிடமே கேட்டுப் பாருங்கள்.