மாற்றுச் சிறுநீரகத்திற்குப் பிறகு மாத்திரை இல்லாத வாழ்க்கை: குருத்தணு சிகிச்சை எதுவரை வந்திருக்கிறது?

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவருக்கு டயாலிசிஸ் நிற்கும், மாத்திரை நிற்காது. வேறொருவரின் உறுப்பை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி எதிரியாகக் கருதித் தாக்கும். அதை அடக்கிவைக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை, அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி அடங்கினால் கிருமித் தொற்றும் புற்றுநோய் அபாயமும் கூடும். டாக்ரோலிமஸ் சிலருக்கு இனிப்பு நீரைக் கொண்டு வரும். நாளடைவில், காக்க வேண்டிய சிறுநீரகத்தையே பாதிக்கவும் கூடும்.

1954-இல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் மரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு இம்மருந்துகள் தேவைப்படவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரியான இரட்டையர்கள் என்பதே காரணம். மற்றவர்களுக்கும் அந்த நிலையை உருவாக்க முடியுமா என்பதுதான் இன்றைய ஆய்வு.

எப்படிச் செய்கிறார்கள்?

சிறுநீரகம் தருபவரிடமிருந்தே ‘ஸ்டெம் செல்’ எனப்படும் இரத்தக் குருத்தணுக்களையும் எடுத்து நோயாளிக்குச் செலுத்துகிறார்கள். அவை எலும்பு மஜ்ஜையில் தங்கிப் புதிய எதிர்ப்பு அணுக்களை உருவாக்கும்போது, புதிய சிறுநீரகத்தை உடல் தன்னுடையதாக ஏற்கப் பழகுகிறது.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், திசுப் பொருத்தம் முழுமையாக இல்லாத ஐவரில் நால்வர் மருந்துகளை நிறுத்த முடிந்தது. ஒருவரின் உடல் சிறுநீரகத்தை நிராகரித்தது. 2022-இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள், அரிய மரபு நோயுள்ள மூன்று குழந்தைகளின் முடிவை வெளியிட்டனர். பெற்றோர் முதலில் குருத்தணுவையும், சில மாதங்கள் கழித்துச் சிறுநீரகத்தையும் தந்தனர். அக்குழந்தைகளுக்கு எதிர்ப்பு அடக்கும் மருந்து தொடர்ந்து தேவைப்படவில்லை.

ஆனால் இது எளிதான சிகிச்சை அல்ல. குருத்தணு தங்குவதற்குக் கடுமையான மருந்துகளோ கதிர்வீச்சோ தேவை. செலுத்திய அணுக்களே நோயாளியின் உடலைத் தாக்கும் அபாயமும் உண்டு.

நமக்கு என்ன பொருள்?

மலேசியாவில் 50,000-க்கும் அதிகமானோர் டயாலிசிஸில் இருக்கின்றனர். முதன்மைக் காரணம் இனிப்பு நீர். நம் நாட்டில் 1975-லேயே சிறுநீரக மாற்று தொடங்கியும், தானம் செய்வோர் இன்னும் குறைவு. இந்தப் புதிய முறைக்கும் பெரும்பாலும் உயிருடன் இருக்கும் உறவினர் ஒருவர் கொடுக்க முன்வர வேண்டும். எனவே இது காத்திருப்போர் வரிசையைக் குறைக்காது. கிடைத்த சிறுநீரகத்தைக் காக்கவே உதவும்.

‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் கெட்டுப்போன சிறுநீரகம் சரியாகும்’ என்று யாராவது விற்க வந்தால், அது வேறு கதை. அப்படிக் குணமாகும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பணம் கட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் இச்செய்தியைப் படித்துவிட்டு ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். மேலே சொன்ன நோயாளிகள் மருந்தை விட்டது மருத்துவர்களின் நெருக்கமான கண்காணிப்பில்தான்.