வேலை வந்துவிட்டது, வீடு எங்கே?

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஊர் அது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஐபோன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் வெளியே போகின்றன. 2025 செப்டம்பர் 11 அன்று ஓசூரில் நடந்த முதலீட்டாளர்கள் மாநாட்டில் மட்டும் ரூ.24,307 கோடிக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. 49,353 பேருக்கு வேலை கிடைக்கும் என்றது அரசு. மனதார வரவேற்கிறோம். ஆனால், இத்தனை பேரும் எங்கே குடியிருப்பார்கள்?

இப்போதைக்கு அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளர்களிடமும் லே-அவுட் போடுபவர்களிடமும்தான் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் ஒரே அறையில் நாலைந்து பேர் ஷிப்ட் முறைக்கு ஏற்ப மாறி மாறித் தூங்குகிறார்கள். பெங்களூரு சம்பளம் வாங்குபவரும் இங்கேதான் வீடு தேடுகிறார். அவரோடு வாடகையில் போட்டி போட ஒப்பந்தத் தொழிலாளியால் முடியுமா? தர்மபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவர்கள், வேலை நேரத்துக்கு மேல் பல மணி நேரத்தைச் சாலையில் தொலைக்கிறார்கள்.

விடுதிகள் கட்டப்படுகின்றனவே என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அரசு கட்டியது. 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல முயற்சி. ஓசூர் பக்கமும் பெரிய விடுதிகள் எழுந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது 2025 நவம்பரில் தெரியவந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பாதுகாப்பைச் சரிசெய்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாது. பத்தொன்பது வயதில் விடுதிக்கு வரும் பெண்ணுக்குச் சில ஆண்டுகளில் திருமணம் ஆகும், குழந்தை பிறக்கும். கணவனோடும் குழந்தையோடும் விடுதியில் இருக்க முடியாது. வெளியே வாடகை கட்டுப்படியாகாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவாள். அந்தக் கட்டிலுக்கு இன்னொரு பத்தொன்பது வயதுப் பெண் வருவாள். தொழில் தேர்ந்த ஒரு தலைமுறைப் பெண்களை இப்படித்தான் இழந்துகொண்டிருக்கிறோம். குடும்பத்தோடு வாழ வீடும், நடந்துபோகும் தூரத்தில் பள்ளியும், குழந்தைகள் காப்பகமும் இருந்தால் அவர்கள் இங்கேயே வேரூன்றுவார்கள்.

தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவது ஓசூருக்குப் புதிதில்லை. டைட்டன் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக, சார்லஸ் கொரயா என்ற பெரும் கட்டடக் கலைஞரை வைத்து டவுன்ஷிப் அமைத்தது. பாகலூர் ஹட்கோ, ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ என்று இன்றும் மக்கள் சொல்லும் பெயர்களே, பொதுப் பணத்தில் இங்கே வீடு கட்டிய காலத்துக்குச் சாட்சி. ஒப்பந்தத் தொழிலாளர் முறை பரவிய பிறகு, தொழிலாளி எந்த நிறுவனத்தின் ஆள் என்பதே தெளிவில்லாமல் போனது. அவருக்கு வீடு தருவது யாருடைய கடமையாகவும் இல்லாமல் போனது.

சரி, எங்கே கட்டுவது? கண்ட இடத்தில் கட்ட முடியாத மண் இது. தளியிலும் பேரிகையிலும் ரோஜாவும் காய்கறியும் விளைகின்றன. உத்தனப்பள்ளி வட்டாரத்து விவசாயிகள், சிப்காட்டுக்கு விளைநிலம் தர மாட்டோம் என்று மாதக்கணக்கில் போராடியவர்கள். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியே யானைகள் சானமாவு காடு வரை வருகின்றன. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வந்து நுரை நுரையாகப் பொங்குகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வழி செய்யாமல் இன்னும் சில லட்சம் பேரைக் குடியேற்றினால், நாம் பெங்களூருவைக் குறைசொல்வதுபோல கிருஷ்ணகிரி அணைப் பாசன விவசாயிகள் நம்மைக் குறைசொல்வார்கள்.

ஆகவே, புதிதாக விளைநிலத்தை விழுங்காமல், சிப்காட் ஏற்கெனவே கையகப்படுத்திய நிலத்தில், ஆலைகளுக்கு அருகிலேயே மாடிக் குடியிருப்புகளாகக் கட்டுவதுதான் வழி. முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன்பே குடிநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அங்கே இருக்க வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டிவிட்டுப் பிழைப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் காட்டிவிட்டன. அங்கே வீடு இருந்தது, வேலை தூரத்தில் இருந்தது. ஓசூரில் வேலை பக்கத்திலேயே இருக்கிறது. பாதிக் கஷ்டம் தீர்ந்துவிட்ட இடம் இது.

காலம் அதிகமில்லை. ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வெளிவட்டச் சாலையை ஒட்டி அறிவுசார் பெருவழித்தடமும் வரப்போகிறது. பாகலூர் பக்கம் மனை விலை ஏறுவதற்கு இந்த அறிவிப்புகளே போதும். நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு தொழிலாளிக்கு வீடு என்று பேசிப் பயனில்லை.

சேமிப்பையெல்லாம் கொட்டி அங்கே 'சைட்' வாங்க நினைக்கும் வாசகர்களே, நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரத்தையும் ரெரா பதிவு எண்ணையும் சரிபார்க்காமல் முன்பணம் தராதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நினைவிருக்கட்டும்.

அரசுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: இனி எந்த ஆலைக்கு நிலம் ஒதுக்கினாலும், அதன் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீட்டு நிலத்தையும் அதே ஆணையில் ஒதுக்குங்கள். வீட்டுவசதி வாரியத்தை வாடகை வீடுகள் கட்ட ஓசூருக்கு அனுப்புங்கள். விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் முன்பே இதை அறிவியுங்கள்!