ராத்திரி ட்யூட்டியில் எத்தனை சிஸ்டர்?



ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தவர்களுக்கு இது புதிதல்ல. ராத்திரி இரண்டு மணி, டிரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறது. ட்யூபில் ரத்தம் ஏறிவிடுமோ என்று பயந்து ஓடினால், சிஸ்டர் மேஜையில் ஆளில்லை. வார்டின் கோடியில் ஒரு பெரியவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார். "வர்றேம்மா, நீங்க போங்க" என்பார். உடனே வர முடியாது. நமக்குக் கோபம் வரும், கத்தியும் விடுவோம்.

அந்த வார்டு முழுவதற்கும் அவர் ஒருவர்தான் என்பதை எப்போதாவது எண்ணிப் பார்த்தோமா?

இந்திய நர்சிங் கவுன்சில் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், ஐசியூவில் ஆளுக்கு ஒருவர். படித்தால் சிரிப்பு வருகிறதல்லவா? அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தனியார் ஆஸ்பத்திரியும் லேசுப்பட்டதில்லை. வரவேற்பறையில் பளிங்கு பதிக்கப் பணம் இருக்கும், ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இன்னொரு ஆள் போட மட்டும் இருக்காது.

சம்பளக் கதையும் இதுதான். 2015-ல் தேர்வெழுதித் தேறி வந்த நர்ஸ்களையே தமிழக அரசு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில்தான் வைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தபோது, "நோயாளிகளை விட்டுவிட்டா போராட்டம்?" என்று நம்மில் பலர் முகம் சுளித்தோம். நியாயமான சம்பளமும் நிரந்தர வேலையும் இல்லாத இடத்தில் அனுபவசாலிகள் எத்தனை நாள் தங்குவார்கள்? அவர்கள் போனபின் அவதிப்படுவது யார்? கட்டிலில் கிடக்கும் நம் அப்பா, அம்மாதானே!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரே ஒரு நோயாளி சேர்ந்தாலும், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாகிறது என்றது அது. கலிஃபோர்னியா நர்ஸ்கள் விடாமல் கேட்டதால், அங்கே 2004 முதல் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்பது சட்டப்படி கட்டாயம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், ரூம் வாடகையோடு இதையும் கேளுங்கள்: "ராத்திரி இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ்?" பதில் மழுப்பலாக வந்தால் விடாமல் கேளுங்கள். நர்ஸ்கள் இதையே கேட்டு வீதிக்கு வரும்போது அவர்கள் பக்கம் நில்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்