பேர் சொல்லா மருந்து

வசம்புக்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்று ஒரு பெயர் உண்டு. பெயரை உரக்கச் சொன்னால் குணம் குன்றிவிடும் என்பது முன்னோர் நம்பிக்கை. கடைக்குப் போகும் கிழவி, “பிள்ளை மருந்து ஒரு துண்டு கொடு” என்பாளேயன்றி, வசம்பு என்று வாய் திறவாள். மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு நாள் உழைப்புக்குரிய சம்பளம் அது. குறித்த நிறைக்குக் கொழுந்து வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், மலைக்கு வராதவளுக்குப் பேரே இல்லை. குழந்தைக்குப் பாட்டி வைத்தியம் நல்லதா, டாக்டர் வைத்தியம் நல்லதா என்று பட்டணத்தார் நடத்தும் வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு ‘பேர்’களும் என் நினைவில் வந்து நிற்கின்றன. வாதிப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

என் அப்பாயியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், விளக்கில் சுட்டுக் கரியாக்கிய வசம்பு, தேய்ந்து குழிவிழுந்த உரைகல் ஒன்று. இவ்வளவே அவளது வைத்தியசாலை. மாந்தம், கணை, செவ்வாப்பு, உரம் விழுதல் என்று குழந்தை நோய்களுக்கு அவள் வகுத்திருந்த பெயர்கள் எந்த ஆஸ்பத்திரித் துண்டிலும் எழுதப்படாதவை. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் புறப்பட்டுக் கடல் கடந்து, காட்டுவழி நடந்து மலையேறிய சனங்களின் மடிமுடிச்சில் வந்த செல்வம் அது. கிழவிக் கதையென்று இதைத் தள்ளிவிடுதல் தகாது. தமிழ் மருத்துவத்தில் பாலவாகடம் தனித்துறையாக வளர்ந்தது; யாழ்ப்பாணத்துப் பரராசசேகரத்திலும் பாலரோகங்களுக்குத் தனிப்பகுதி உண்டு. ஆனால் லயத்துக்கு வந்து சேர்ந்தது அக்கல்வியன்று. அதன் கைப்பழக்கம் மட்டுமே. அளவும் அனுபானமும் அறிந்த வைத்தியன் ஊரிலேயே தங்கிவிட்டான். உரைகல் மட்டும் கப்பலேறியது.

தோட்டத்துக்கு மேல்நாட்டு மருந்து வந்த வகையையும் சொல்ல வேண்டும். 1872-ல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்றே இலங்கையில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912-ல் அது விரிவாக்கப்பட்டது. டிஸ்பென்சரியும் டிஸ்பென்சரும் அவ்வழியே வந்தவர்கள். துரைமாருக்கு வேண்டியிருந்ததோ மலையேறும் உடம்பு. மூன்று மாதக் குழந்தை மலையேறாது. அதனாலேயே பச்சிளங்குழந்தையின் நோய் நெடுங்காலம் கிழவியின் கையிலேயே விடப்பட்டது என்பது என் துணிபு. அவள் அதைப் பறித்துக்கொண்டவளல்லள். வேறு கை நீளாததால் ஏற்றுக்கொண்டவள்.

அந்தக் கிழவிகளின் கண்களை நான் மதிக்கிறேன். கைகளைத்தான் எல்லா வேளையிலும் மதிக்க முடியவில்லை.

வயிற்றோட்டம் கண்ட குழந்தையைத் தூக்கியதும் அவர்கள் உச்சந்தலையைத் தடவிப் பார்ப்பார்கள். “உச்சி விழுந்து போச்சு” என்பார்கள். டாக்டரின் புத்தகமும் அதையேதான் சொல்கிறது: உச்சிக்குழி உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. கண் கண்டது சரி. கை செய்வதென்ன? உச்சியில் விளக்கெண்ணெயை வைத்து அப்பும். குடிக்கக் கொடுத்தால் இன்னும் கழியுமென்று பாலையும் நீரையும் நிறுத்தும். குழந்தை மடிவது அந்த நிறுத்தத்தினால்தான். 1971-ல் வங்கப் போரின் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை கடந்தபோது, போன்கான் முகாமில் காலராவுக்கு நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களை நீரில் கரைத்து, அந்நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் ஊரில் ‘ஜீவனி’ என்ற பெயரில் கிடைக்கும் பொட்டலம் அந்த வழி வந்தது. முலைப்பாலை நிறுத்தாமல் இதையும் கரண்டி கரண்டியாகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். அந்த டாக்டர் நம்பியது படித்தவர்களையல்ல. முகாமில் நோயாளியின் அருகே உட்கார்ந்திருந்த உறவினரின் கைகளை. என் அப்பாயியிடம் அப்பொட்டலத்தைக் கொடுத்திருந்தால் உரைமருந்தைப் போலவே நேரந்தவறாமல் புகட்டியிருப்பாள்.

சளிக்கும் இதே கதைதான். “விலா வாங்குது” என்று கிழவி சொன்னால் அது வெறும் பேச்சன்று. இரண்டு மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு அறுபது மூச்சும் அதற்கு மேலும், அதன் பின் ஒரு வயது வரை ஐம்பதும் அதற்கு மேலும் விட்டாலோ, மூச்சிழுக்கையில் மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ நிமோனியா என்று ஐயுற வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கிழவி எண்ணவில்லை, ஆனால் கண்டாள். கண்டபின் செய்வது கற்பூர எண்ணெய் தடவுவதும் சாம்பிராணி போடுவதும். நுவரெலியாக் குளிரில் கதவடைத்து, விறகுப்புகை ஏற்கெனவே நிறைந்த லயக் காம்பிராவுக்குள் இன்னொரு புகையை ஏற்றினால் அந்தச் சிறிய நெஞ்சு என்ன செய்யும்? கற்பூரமோ குழந்தை உடம்புக்குள் போனால் வலிப்பையே வருவிக்கும். ஒரு வயது நிறையுமுன் தேன் ஆகாது; அதில் ஒளிந்திருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துக் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்திவிடும். சூடு போடுதலைப் பற்றி வாதமே வேண்டாம்: 2023-ல் மத்தியப் பிரதேசத்து ஷாடோல் மாவட்டத்தில் நிமோனியா கண்ட மூன்று மாதப் பெண்குழந்தைக்கு வயிற்றில் சூட்டுக்கோல் வைத்தார்கள், குழந்தை இறந்தது. நம் வசம்பையும் 1968-லேயே அமெரிக்க அரசு உணவில் சேர்க்கலாகாதென்று தடுத்துவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் புட்டி மருந்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். நம் தாய்மார் ‘இங்கிலீஷ் மருந்து’ என்று மதிப்போடு வாங்கும் கிரைப் வாட்டர், 1851-ல் நாட்டிங்காம் நகரத்து மருந்துக்கடைக்காரர் வுட்வர்ட் கூட்டியது. அதிலிருந்தது சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும், நெடுங்காலம் சாராயச் சத்தும். அதுவும் ஒரு பாட்டி வைத்தியமே; பாட்டி வெள்ளைக்காரி என்பது ஒன்றே வேறுபாடு! அமெரிக்காவில் 1849 முதல் குழந்தை அழுகைக்கு விற்ற வின்ஸ்லோ அம்மையார் பானகத்தில் இருந்தது அபினியின் சத்தான மோர்பீன். 2022-ல் காம்பியா நாட்டில் இருமல் சர்பத்தில் கலந்திருந்த நஞ்சினால் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்தன. சாதாரணத் தடிமனுக்கு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்தே வேண்டாம் என்பது இன்று டாக்டர்களே சொல்லும் தீர்ப்பு.

ஆனால் ஒரு வேறுபாட்டை நான் மறைக்கமாட்டேன். டாக்டர்கள் தீர்ப்பை மாற்றியது செத்த குழந்தைகளை எண்ணியதால். அவர்களிடம் பதிவேடு இருந்தது. தவறு அதில் அகப்பட்டது. அப்பாயியிடம் பதிவேடு இல்லை. பிழைத்த குழந்தை வசம்பால் பிழைத்தது. செத்த குழந்தை விதியால் செத்தது. இந்தக் கணக்கில் வசம்பு ஒருநாளும் தோற்க முடியாது. 1946-ல் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. எண்ணிப் பார்த்த வைத்தியம்தான் அதில் பெரும்பங்கு செய்தது.

அப்படியானால் தாய் ஏன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை? அறியாமை என்கிறார்கள். நான் கண்டது வேறு. பல ஆண்டுகளுக்கு முன், அயல்வீட்டுப் பெண்ணொருத்தி ஓயாமல் வாந்தியெடுத்த தன் ஐந்து மாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பேச்சுத்துணையாக நானும் போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். கேள்வி சிங்களத்தில் வந்தது. நான் தமிழில் சொன்னேன்: வீட்டில் ஏதாவது கொடுத்தாயா? அவள் தரையைப் பார்த்தாள். “ஒண்ணும் கொடுக்கலீங்க.” குழந்தையின் நாவிலோ கருங்கோடு. முன்பொருமுறை அதே இடத்தில் அந்தக் கருங்கோட்டுக்காகப் பத்துப்பேர் நடுவே ஏச்சு வாங்கியவள் அவள். வாந்தி நோயினாலா, மருந்தினாலா என்று அறியாமல் டாக்டர் பாதி இரவைக் கழித்தார். விடியுமுன் மாமியார்க்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்து வசம்புத் துண்டை மேசைமேல் வைத்த பிறகே வழி தெரிந்தது. குழந்தை தேறியது. பெயரைச் சொன்னால் மருந்தின் குணம் போய்விடும் என்றார்கள் முன்னோர். சொன்னால் தாயின் மானம் போய்விடும் என்ற நிலைக்கு நாம் கொண்டுவந்திருக்கிறோம்.

1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்றார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியானதோ 1987-ல். இருந்தும், நோயாளியின் மொழியில் “என்ன கொடுத்தாய், அம்மா?” என்று ஏச்சில்லாமல் கேட்பதற்குத் தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இன்னும் ஆளில்லை.

கட்டடக் குறையென்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. டிக்கோயாவில் இந்திய உதவியால் எழுந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே 12-ல் திறக்கப்பட்டது. அதன் வாசலை அடைய மேல் டிவிசன் லயத்திலிருந்து ஒருத்திக்கு முச்சக்கரவண்டிக் கூலி வேண்டும். அதற்கும் மேலாக ஒரு பேரை இழக்க வேண்டும். சம்பளம் போனால் அந்தக் குழந்தையின் வயிற்றில்தான் குறையும். 2016-ல் எடுத்த கணக்கின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு, தோட்டங்களில் முப்பத்திரண்டு. ஆகவே அவள் ஒருநாள் பார்க்கிறாள். உரைமருந்து கொடுத்து இன்னொரு நாள் பார்க்கிறாள். மூன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது.

நோயுற்ற கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தாய்க்கு அன்றைக்கு முழுப்பேர் போடவேண்டும் என்கிறேன். எல்லார் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்துவிடும் என்று கணக்கப்பிள்ளைமார் சிரிப்பார்கள். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் ஆஸ்பத்திரி முத்திரையும் திகதியும் விழுகின்றன. அதைக் காட்டாதவளுக்குப் பேர் வேண்டாம். தாயை அனுப்புவது யார் என்ற கேள்விக்கும் விடை அருகிலேயே உண்டு. பகல் முழுவதும் குழந்தை இருப்பது பிள்ளை மடுவத்தில். முதலில் விலாவைப் பார்ப்பவள் அங்குள்ள ஆயா. அவளுக்கு மூச்செண்ணக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். எண்ணுவதற்கு வினாடிமுள் உள்ள மணிக்கூடு வேண்டும். கொழுந்து மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் நேரம் தவறக்கூடாதென்று, அது ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கிறது.